எண் இல்லாத அழைப்பு

ராக் அண்ட் ரோல் என்னும் இசைவகையைப் பற்றி நம்மிடையே நிலவும் எண்ணம் உயர்ந்ததன்று. காதைத் துளைக்கும் ஓசை, கட்டுக்கடங்காத ஆட்டம், பொருளற்ற சொற்கள் என்று மூன்றே தொடர்களில் அதனை ஒதுக்கிவிடுவோர் பலர். அவ்விசையின் பெரும்பகுதிக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தவும் கூடும். ஆயினும் 1959ஆம் ஆண்டில் சிகாகோ நகரின் செஸ் நிறுவனம் வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் மறுபக்கத்தில் இடம்பெற்ற ‘மெம்பிஸ், டென்னசி’ என்னும் பாடலைக் கேட்பவர், தம் தீர்ப்பைச் சற்றே ஒத்திவைக்க விரும்புவார். எழுதிப் பாடியவர் சக் பெர்ரி. பாடல் முழுவதும் ஒரு தொலைபேசி அழைப்பு. அந்த அழைப்பு கடைசிவரை இணைக்கப்படுவதில்லை.

பாடல் தொடங்கும்போதே ஒருவர் தொலைதூர அழைப்புகளைக் கவனிக்கும் ஆபரேட்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த நம் தலைமுறையினருக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. மெம்பிஸ் நகரிலிருந்து மரீ என்பவள் அவரைத் தேடி அழைத்திருக்கிறாள். தன் எண்ணை அவள் சொல்லவில்லை. செய்தியைக் கேட்டுக்கொண்ட மாமா அதைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். (ஆங்கிலச் சொல் மாமனா சித்தப்பனா என்று பிரித்துக் காட்டுவதில்லை; அந்த வீட்டில் எழுதத் தாள்கூடக் கைக்கு எட்டவில்லை என்பது மட்டும் தெரிகிறது.) அவள் இருக்கும் வீடு நகரின் தென்புறத்தில், ஒரு மேட்டின்மேல், மிசிசிப்பி ஆற்றுப் பாலத்திலிருந்து அரை மைல் தொலைவில் உள்ளது. எப்படியாவது அவளைக் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று அவர் மன்றாடுகிறார். காதலியைப் பிரிந்த இளைஞன் ஒருவன் பேசுகிறான் என்றே நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவளுடைய தாய் தங்களைச் சேர்ந்து வாழ விடவில்லை என்று அவர் சொல்லும்போதும், காதலுக்குத் தடை நிற்கும் தாய் என்றுதான் எண்ணுகிறோம். பாடலின் கடைசியில்தான், கண்ணீரோடு கையசைத்து விடைகொடுத்த அந்த மரீக்கு ஆறே வயது என்பது தெரியவருகிறது. பேசுபவர் தந்தை. பிரிந்துபோன குடும்பத்தில் தாயோடு போய்விட்ட மகளைத் தேடுகிறார்.

இதை வெறும் திருப்பம் என்று சொல்லி நகர்ந்துவிடக் கூடாது. கடைசி வரியில் வியப்பூட்டிவிட்டு ஓய்ந்துபோகும் கதைகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். இரண்டாம் முறை அவற்றைத் தொட மனம் வராது. இந்தப் பாடலோ இரண்டாம் முறை கேட்கும்போதுதான் தன்னைத் திறந்து காட்டுகிறது. அவள் ஏன் எண்ணைச் சொல்லவில்லை? ஆறு வயதுக் குழந்தைக்குத் தன் வீட்டு எண் தெரியாமல் இருந்திருக்கலாம். தாய்க்குத் தெரியாமல் அழைத்ததால் அவசரமாக வைத்துவிட்டும் இருக்கலாம். பாடல் இரண்டையும் சொல்வதில்லை. கேட்பவர் மனத்தில் இரண்டும் எழுகின்றன. முதல் முறை கேட்டபோது செய்தியாக மட்டும் இருந்த சிறு விவரம் மறுமுறை கேட்கும்போது வலிக்கிறது. முதலில் காதலனின் பொறுமையின்மையாகப் பட்ட குரல், பிறகு தந்தையின் தவிப்பாக ஒலிக்கிறது. சொற்களில் ஒன்றும் மாறவில்லை.

இப்பாடலின் உயரத்தை அறிய அதன் காலத்துத் தொலைபேசிப் பாடல்களை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ ஐந்து வீடுகளில் நான்கில் தொலைபேசி இருந்தது. பெல் நிறுவனம் 1959இல் ‘பிரின்சஸ்’ என்னும் சிறிய, வண்ணம் தீட்டிய கருவியை இளம்பெண்களின் படுக்கையறைக்கென்றே விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1960இல் பிராட்வே அரங்கேறிய ‘பை பை பேர்டி’ என்னும் இசை நாடகத்தில், விடலைப் பிள்ளைகள் ஆளுக்கொரு தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு வம்பு பேசுவதே ஒரு முழுப் பாடல் காட்சியாயிற்று. இளைஞருக்கான இசை இளைஞரின் இந்தப் புதிய விளையாட்டுப் பொருளைப் பற்றிப் பாடியதில் வியப்பில்லை.

1958இல் வெளிவந்த ‘சாண்டிலி லேஸ்’ இவ்வகைக்குத் தக்க சான்று. டெக்சாஸ் மாநிலத்தின் போமான்ட் நகர வானொலி அறிவிப்பாளராகிய ஜே. பி. ரிச்சர்ட்சன், ‘பிக் பாப்பர்’ என்னும் புனைபெயரில் பாடியது. தொலைபேசி மணி ஒலிக்கிறது, அவர் எடுக்கிறார், மறுமுனையில் ஒரு பெண். அவள் சொல்வது நமக்குக் கேட்பதில்லை. அவருடைய சிரிப்பையும் குழைவையும் வைத்தே அவள் பேச்சை ஊகித்துக்கொள்கிறோம். நாடகத்தில் ஒருவரே நின்று இருவர் உரையாடலை நடித்துக் காட்டும் உத்தி இது. நகைச்சுவை உண்டு, கலகலப்பு உண்டு. கேட்டு முடித்தபின் மனத்தில் தங்குவது ஏதும் இல்லை. ரிச்சர்ட்சன் 1959 பெப்ரவரி 3 அன்று, பட்டி ஹாலி, ரிச்சி வாலன்ஸ் ஆகிய பாடகர்களோடு விமான விபத்தில் இறந்தார். அந்தச் சாவின் நினைவே இன்று அப்பாடலுக்குத் தனக்கில்லாத ஒரு கனத்தைக் கொடுத்துவிடுகிறது.

ஜிம் ரீவ்ஸின் ‘ஹி’ல் ஹேவ் டு கோ’ இன்னொரு வகை. இது ராக் அண்ட் ரோல் அன்று, கன்ட்ரி எனப்படும் நாட்டுப்புறச் சாயல் இசை. எனினும் 1960இல் இரு வகை ரசிகரும் ஒருங்கே வாங்கிய தட்டு இது. கிறிஸ்மஸ் காலத்தில் ஜிம் ரீவ்ஸின் மென்குரலைக் கேட்டு வளர்ந்த இல்லங்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் ஏராளம். ஆதலால் அவரைப் பற்றிக் கடுமையாக எழுதக் கை கூசுகிறது. மது அருந்தும் விடுதியிலிருந்து ஒருவன் தன் காதலியை அழைக்கிறான். அவளருகில் வேறொருவன் இருக்கிறான். வாயைக் கருவிக்கு இன்னும் நெருக்கமாக வைத்துப் பேசு என்கிறான். இங்கே பாட்டுப் பெட்டியின் ஒலியைக் குறைக்கச் சொல்கிறேன் என்கிறான். தொலைபேசியில் நெருக்கமும் தொலைவும் ஒரே கணத்தில் இருப்பதை இதைவிட நுட்பமாக உணர்ந்த காதற்பாடல் அக்காலத்தில் இல்லை. ஆனால் அந்த மென்மைக்குள் ஓர் ஆணை ஒளிந்திருக்கிறது. அவள் என்ன விரும்புகிறாள் என்பதைக் காட்டிலும், எவன் வெளியேற வேண்டும் என்பதே அவனுக்கு முதன்மையாக இருக்கிறது. அதே 1960இல் ஜீன் பிளாக் என்னும் பாடகி, அந்தப் பெண்ணின் வாய்மொழியாக அமைந்த மறுமொழிப் பாடலைப் பாடி அதுவும் பெருவெற்றி பெற்றது என்பது கவனிக்கத்தக்கது. மறுமுனையில் இருப்பவளுக்கும் சொல்ல ஏதேனும் இருக்கும் என்று மக்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தொலைபேசியைப் பாட்டில் கொண்டுவருவது ராக் அண்ட் ரோல் கண்டுபிடித்த புதுமையன்று. 1901இல் சார்ல்ஸ் கே. ஹாரிஸ் எழுதிய ‘ஹலோ சென்ட்ரல், கிவ் மி ஹெவன்’ என்னும் பாடலில், இறந்துபோன தாயோடு பேச விரும்பும் ஒரு குழந்தை, தன்னை விண்ணகத்தோடு இணைத்துவிடும்படி ஆபரேட்டரிடம் கேட்கிறது. அமெரிக்கத் திருச்சபைகளில் இறைவேண்டலைத் தொலைபேசியாக உருவகிக்கும் பக்திப் பாடல்கள் எழுந்து, கறுப்பின மக்களின் வழிபாட்டுப் பாடல்களிலும் அந்த உருவகம் நிலைபெற்றது. அந்தத் தடம் எப்போதும் திறந்திருக்கும், மறுமுனையில் இருப்பவர் எப்போதும் செவிசாய்ப்பார் என்பதே அவற்றின் உறுதி. சக் பெர்ரியின் தந்தை செயின்ட் லூயிஸ் நகரின் பாப்டிஸ்ட் ஆலயமொன்றில் திருத்தொண்டர். பெர்ரி அந்தச் சூழலில் பாடி வளர்ந்தவர். அவருடைய தொலைபேசியில் அத்தகைய உறுதி ஏதும் இல்லை என்பதே அவரைப் பக்திப் பாடல்களிலிருந்து பிரிக்கிறது. ஹாரிஸின் பாடலிலிருந்து அவரைப் பிரிப்பதும் எளிதாகவே புலப்படுகிறது. அங்கே குழந்தை ஆபரேட்டரிடம் தாயைக் கேட்கிறது. இங்கே தந்தை ஆபரேட்டரிடம் குழந்தையைக் கேட்கிறார். ஹாரிஸ் முதல் அடியிலேயே நம் கண்ணீரைக் கோருகிறார். பெர்ரி கண்ணீருக்குரிய காரணத்தைக் கடைசிவரை மறைத்து வைக்கிறார். முன்னது காலத்தோடு கரைந்துபோயிற்று, பின்னது நிற்கிறது.

பெர்ரிக்கு நெருங்கிய முன்னோடி ஒருவர் உண்டு. 1955இல் செஸ் நிறுவனத்தாரைச் சென்று பார்க்கும்படி அவருக்கு வழிகாட்டிய மட்டி வாட்டர்ஸ், 1951இலேயே ‘லாங் டிஸ்டன்ஸ் கால்’ என்னும் புளூஸ் பாடலைப் பாடியிருந்தார். அழைப்புக்காக ஏங்கிக் காத்திருப்பவனுக்குக் கடைசியில் வருவது துரோகத்தின் செய்தி. தொலைபேசி நன்மையை மட்டும் கொண்டுவருவதில்லை என்பதைப் புளூஸ் முன்பே அறிந்திருந்தது. பெர்ரி அங்கிருந்து காத்திருத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு, காமத்தையும் பொறாமையையும் விட்டுவிட்டார்.

இனி அந்த மேட்டுக்கும் பாலத்துக்கும் வருவோம். தொலைபேசி அமைப்பு ஒரு மனிதரை எண்ணால் அறிகிறது. மரீயின் தந்தையிடம் எண் இல்லை. அவரிடம் இருப்பது ஓர் ஊரின் நில அடையாளம் மட்டுமே. தெற்குப்புறம், மேடு, ஆறு, பாலம். வழிப்போக்கரிடம் ஊர்க்காரர் வழி சொல்வதுபோல் அவர் இயந்திரத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்றைய அமெரிக்காவில் இந்த முரண் கண்முன் நடந்துகொண்டிருந்தது. அதுவரை தொலைபேசி எண்கள் எக்ஸ்சேஞ்சின் பெயரோடு தொடங்கின. 1940இல் கிளென் மில்லர் குழுவினர் நியூயார்க் விடுதி ஒன்றின் எண்ணையே பாடலாக்கியபோது, அதன் தலையில் பென்சில்வேனியா என்னும் பெயர் இருந்தது. 1962இல் மார்வலெட்ஸ் என்னும் டெட்ராய்ட் பெண்கள் குழு பாடிய தொலைபேசி எண், பீச்வுட் என்று ஒரு மரத்தின் பெயரோடு தொடங்குகிறது. நடனத்தில் பிடித்துப்போன இளைஞனிடம் பெண்ணே தன் எண்ணைக் கொடுக்கும் துணிச்சலான பாடல் அது. ஆனால் 1958 முதலே பெல் நிறுவனம் பெயர்களை நீக்கி, எல்லாவற்றையும் வெற்று இலக்கங்களாக மாற்றத் தொடங்கியிருந்தது. இதை எதிர்த்து 1962இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு சங்கமே உருவாயிற்று. வில்சன் பிக்கெட் 1966இல் பாடிய எண்ணில் பெயர் போய் இலக்கங்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. சக் பெர்ரி இந்த மாற்றத்தை எண்ணித்தான் எழுதினார் என்று நான் வாதிட வரவில்லை. மரீயின் தந்தை இடத்தின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும்போது, அவை எதற்கும் உதவப்போவதில்லை என்று நமக்குத் தெரிகிறது, அவருக்கும் தெரிந்திருக்கலாம். வேறு ஏதும் கையில் இல்லாதவர் இருப்பதைத்தானே கொடுக்க முடியும்?

அவர் அதை யாரிடம் கொடுக்கிறார் என்பதும் சிந்திக்கத்தக்கது. 1878இல் பாஸ்டன் நகரில் எம்மா நட் என்னும் பெண் ஆபரேட்டராக அமர்த்தப்பட்டது முதல் அந்த வேலை பெண்களுடையதாயிற்று. எல்லாப் பெண்களுடையதும் அன்று. தென் மாநிலங்களில் 1960களின் தொடக்கம்வரை அந்த இருக்கைகளில் கறுப்பினப் பெண்களைக் காண்பதே அரிது. பெல் நிறுவனத்தின் பாகுபாட்டை எதிர்த்து அமெரிக்க அரசின் சமவாய்ப்பு ஆணையம் 1970இல் முறையிட்டு, 1973இல்தான் அதற்கு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஆகவே 1959இல் மெம்பிஸுக்கு இணைப்புக் கேட்கும் கறுப்பின மனிதர் ஒருவர், பெரும்பாலும் ஒரு வெள்ளையினப் பெண்ணிடமே தம் குடும்பத் துயரத்தைச் சொல்லியிருப்பார். நேரில் நின்று அப்படிப் பேசுவது அன்றைய தென்னாட்டில் எளிதன்று. பாடலில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குரலுக்கு முகம் இல்லை. பெர்ரியின் தெளிவான உச்சரிப்பைத் தட்டில் கேட்டு அவரை வெள்ளையர் என்று கருதி ஒப்பந்தம் செய்துவிட்டு, நேரில் கண்டதும் மேடையேற விடாமல் திருப்பி அனுப்பிய அமைப்பாளர்களும் உண்டு. முகமறியாக் குரலின் வாய்ப்பும் அதன் இழப்பும் அவருக்குப் பட்டறிவாகத் தெரிந்தவை.

ஆபரேட்டரிடம் அவர் இவ்வளவு சொல்ல வேண்டியதே இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள். பெயரும் ஊரும் போதும். குடும்பம் பிரிந்ததையும், மகள் அழுததையும் கேட்டு அந்தப் பெண் என்ன செய்ய முடியும்? கேட்பதற்கு ஒருவர் கிடைத்துவிட்டார் என்பதனாலேயே அவர் சொல்கிறார். கூறப்படும் எல்லாச் சொற்களும் மரீக்கு உரியவை; போய்ச் சேர்வதோ முன்பின் அறியாத ஒருத்தியிடம். அவள் மறுமொழியும் நமக்குக் கேட்பதில்லை. ‘சாண்டிலி லேஸ்’ பாடலில் சிரிப்பு மூட்டிய அதே ஒருமுனை உத்தி இங்கே என்னவாக மாறிவிட்டது! இசையும் அதற்கு இசைந்தே செல்கிறது. முந்தைய ஆண்டின் ‘ஜானி பி. குட்’ பாடலில் பாய்ந்துவரும் கித்தார் இங்கே இல்லை. தணிந்த தாளத்தின்மேல் ஒரே சிறு இசைத்தொடர் திரும்பத் திரும்ப வருகிறது, காத்திருப்பவர் விரல் மேசையைத் தட்டுவதுபோல.

பெர்ரியின் வேறு பாடல்களிலும் தொலைபேசி உண்டு. 1956இல் வந்த ‘டூ மச் மங்கி பிசினஸ்’ வாழ்க்கையின் அன்றாடத் தொல்லைகளை அடுக்கும் வசைப்பாட்டு. அவற்றுள் ஒன்று, பொதுத் தொலைபேசி காசை விழுங்கிவிட, ஆபரேட்டர் சாக்குச் சொல்வது. ஆக, 1956இல் வழக்குப் போடத் தகுந்தவளாகத் தோன்றிய அதே ஆபரேட்டரிடம்தான் மூன்றாண்டுகளுக்குப் பின் அவருடைய கதைமாந்தர் மன்றாடுகிறார். 1964இல் வெளிவந்த ‘பிராமிஸ்ட் லேண்ட்’ இன்னும் ஆழமானது. வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரிலிருந்து ஓர் ஏழைப் பையன் பேருந்திலும் இரயிலிலும் பின்னர் விமானத்திலுமாக லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேருகிறான். வழியில் ராக் ஹில், பர்மிங்ஹாம் ஆகிய ஊர்கள் வருகின்றன. 1961இல் பேருந்துகளில் இன ஒதுக்கலை எதிர்த்துப் பயணம் செய்தோர் அடித்து நொறுக்கப்பட்ட ஊர்கள் அவை. பெயர் விவிலியத்திலிருந்து வந்தது என்பதை நம் வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. வாக்களிக்கப்பட்ட நாட்டில் கால்வைத்ததும் அவன் செய்யும் முதல் வேலை, ஊருக்குத் தொலைபேசியில் பேச முயல்வது. இங்கும் ஆபரேட்டரிடம் சொல்லும் சொற்களோடு பாடல் முடிகிறது. வீட்டார் எடுத்தார்களா என்பது நமக்குத் தெரிவதில்லை.

அந்தப் பாடல் சிறையில் எழுதப்பட்டது. பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை மாநில எல்லை கடந்து அழைத்துச் சென்ற குற்றத்துக்காகப் பெர்ரி 1962, 1963ஆம் ஆண்டுகளில் தண்டனை அனுபவித்தார். பயணவழியைச் சரிபார்க்க அவர் நிலப்படம் கேட்டபோது, தப்பியோடத் திட்டமிடுகிறாரோ என்று சிறையதிகாரிகள் தயங்கியதாக அவரே பின்னர் எழுதினார். 1959 டிசம்பரில், ‘மெம்பிஸ், டென்னசி’ வெளிவந்த அதே ஆண்டில், அவர் கைதானார். குழந்தையைத் தேடித் தவிக்கும் தந்தையின் குரலை அவ்வளவு மெய்யாக எழுதியவரின் வாழ்க்கையில் இன்னொரு குழந்தைக்கு நேர்ந்த தீங்கும் உண்டு. பாடலின் சிறப்பைக் காட்டி அதை மூடிவிடும் விமரிசகரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதைக் காட்டிப் பாடலைத் தூக்கியெறிவோரோடும் இல்லை. இரண்டும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை.

இங்கிலாந்து இளைஞர்கள் இப்பாடலை மிகவும் விரும்பினர். பீட்டில்ஸ் குழுவினர் 1962 ஜனவரி முதல் நாள், டெக்கா நிறுவனத்தார் முன் தம் திறமையைக் காட்டச் சென்றபோது பாடியவற்றுள் இதுவும் ஒன்று. இரண்டு ஆண்டுகள் கழித்து ஜான் லெனன் எழுதிய ‘நோ ரிப்ளை’ பாடலில், காதலி வீட்டில் இல்லை என்று தொலைபேசியில் பொய் சொல்லப்படுகிறது. தாம் இளமையில் எந்தப் பெண்ணையும் தொலைபேசியில் அழைத்ததே இல்லை, அக்கால இங்கிலாந்துப் பிள்ளைகளின் வாழ்வில் அந்தக் கருவிக்கு இடமில்லை என்று லெனன் பிற்காலத்தில் ஒரு நேர்காணலில் சொன்னார். அமெரிக்கப் பாடல்களிலிருந்தே அவருக்குத் தொலைபேசி கிடைத்திருக்கிறது போலும்.

பெர்ரியின் பாடலைப் பலர் மீண்டும் இசைத்தனர். 1963இல் லோனி மேக் சொற்களே இல்லாமல் கித்தாரில் வாசித்தது பெரும்புகழ் பெற்றது. 1964இல் ஜானி ரிவர்ஸ், கூட்டத்தின் கைதட்டலோடு பாடியது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை சென்றது. ஆடுவதற்கு ஏற்ற பாடல் என்றே அவர்கள் அதைக் கண்டார்கள். ஆறு வயது என்னும் சொல் கைதட்டலில் கரைந்துபோகிறது.

வருத்தம் தருவது வேறொன்று. 1964இல் பெர்ரியே ‘லிட்டில் மரீ’ என்னும் தொடர்ச்சிப் பாடலை வெளியிட்டார். அதே மெட்டு, அதே தாளம். அழைப்பு இணைகிறது, தந்தையும் மகளும் பேசுகிறார்கள், உடைந்த குடும்பம் மீண்டும் சேரும் வாய்ப்பும் தென்படுகிறது. ஒரு தந்தைக்கு நாம் விரும்பக்கூடிய முடிவு அதுதான். ஆயினும் அந்தத் தட்டு பரபரப்பேதுமின்றி மறக்கப்பட்டது. அதற்குக் கேட்போரைக் குறைசொல்ல முடியாது. இணைப்புக் கிடைத்தவுடன் அவருக்குச் சொல்வதற்கு ஏதும் இல்லாமல் போய்விடுகிறது. சொல்ல வேண்டியதையெல்லாம் ஐந்தாண்டுகளுக்கு முன்பே, இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட ஒரு தட்டில், பெயரறியாத அந்த ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டார்.